இதயம் காக்க முதலில் யாருக்குப் பயிற்சி?

வட உகாண்டாவின் குலு நகரிலும் சுற்றுவட்டாரத்திலும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளின் இதயங்களை ஓர் ஆய்வுக் குழு எக்கோ கருவியால் பரிசோதித்தது. எல்லோரும் ஓடியாடி விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகள்தான். ஆனாலும் சிலரின் இதய வால்வில் பாதிப்பு சத்தமில்லாமல் தொடங்கியிருந்தது. அப்படிப்பட்ட 818 பேர் ஆய்வில் சேர்க்கப்பட்டனர். பாதிப் பேருக்கு நான்கு வாரத்துக்கு ஒருமுறை பெனிசிலின் ஊசி போடப்பட்டது, மறுபாதியினர் கண்காணிக்கப்பட்டனர். இரண்டு ஆண்டுகள் கழித்து மீண்டும் எக்கோ எடுத்தபோது, ஊசி போட்டுக்கொண்டவர்களில் 3 பேருக்கு மட்டுமே பாதிப்பு கூடியிருந்தது. மற்றவர்களில் 33 பேருக்குக் கூடியிருந்தது.

பெனிசிலின் புதிய மருந்தல்ல. விலை அதிகமானதும் அல்ல. தமிழ்நாட்டில் மூத்த தலைமுறையினர் பலருக்கு, மூட்டு வீங்கிக் காய்ச்சல் வந்த பிள்ளையை மூன்று வாரத்துக்கு ஒருமுறை பெனிடியூர் ஊசிக்கு அழைத்துப்போன நினைவு இருக்கும். அதே ஊசிதான் இது.

குலுவின் பிள்ளைகளிடம் காணப்பட்ட ருமாட்டிக் இதய நோய் சாதாரணத் தொண்டை வலியில் தொடங்குகிறது. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமி தொற்றும்போது முறையாக மருந்து கொடுக்காவிட்டால், கிருமியை எதிர்க்கும் உடலின் ஆற்றல் சில பிள்ளைகளில் அவர்களின் இதய வால்வையே தாக்கத் தொடங்குகிறது. தொற்று திரும்பத் திரும்ப வரும்போது வால்வு தடித்து, ஒட்டிக்கொண்டு, சரியாகத் திறக்கவோ மூடவோ முடியாமல் போகிறது. இட நெருக்கடியான வீடுகளில் வாழ்பவர்களையும் மருத்துவமனை எட்டாத் தொலைவில் இருப்பவர்களையுமே இந்நோய் அதிகம் பிடிக்கிறது. உலகில் சுமார் 5.5 கோடிப் பேருக்கு இந்த நோய் இருப்பதாகவும், ஆண்டுக்கு ஏறத்தாழ 3.6 லட்சம் பேர் இறப்பதாகவும் உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது.

ஆப்பிரிக்காவின் 12 நாடுகளோடு இந்தியாவும் ஏமனும் பங்கேற்ற 'ரெமெடி' ஆய்வில் 3,343 நோயாளிகள் இருந்தனர். அவர்களின் இடைநிலை வயது 28. மூன்றில் இரண்டு பங்கினர் பெண்கள். இரண்டு ஆண்டுகளுக்குள் நூற்றுக்கு ஏறக்குறைய 17 பேர் இறந்தனர். கருவுற்ற காலத்தில் உடலில் ரத்தத்தின் அளவு பாதியளவுக்குக் கூடும். அந்தச் சுமையைத் தாங்க முடியாதபோதுதான் பல பெண்களுக்குத் தங்கள் வால்வு சுருங்கியிருப்பதே தெரியவருகிறது. அந்தக் கட்டத்தில் ஊசி மட்டும் போதாது. பலூன் சிகிச்சையோ அறுவை சிகிச்சையோ வேண்டும். அதைச் செய்யும் மருத்துவமனை பல ஏழை நாடுகளில் ஒன்றுகூட இல்லை.

இந்த நிலையை மாற்ற நினைப்பவர்கள் வழக்கமாக இரண்டு வழிகளை நாடுகிறார்கள். ஒன்று, திறமையான மருத்துவர் ஒருவரை வெளிநாட்டுக்கு அனுப்பிப் படிக்க வைப்பது. மற்றொன்று, வெளிநாட்டு அறுவைக் குழு ஆண்டுக்கு ஒருமுறை வந்து சில நோயாளிகளுக்கு அறுவை செய்துவிட்டுப் போவது. இரண்டும் உயிர்களைக் காப்பாற்றியிருக்கின்றன. ஆனால் இரண்டிலும் ஒரே குறைதான்: அறுவை மருத்துவர் மட்டுமே கண்ணில் படுகிறார். மயக்க மருத்துவர், இதய-நுரையீரல் இயந்திரத்தை இயக்குபவர், தீவிர சிகிச்சைப் பிரிவில் இரவு முழுதும் விழித்திருக்கும் செவிலியர், பழுதான கருவியைச் சரிசெய்யும் தொழில்நுட்பர் என இவர்களில் ஒருவர் இல்லாவிட்டாலும் அறுவை அரங்கம் பூட்டித்தான் கிடக்கும். வெளிநாட்டில் படித்துத் திரும்பிய மருத்துவருக்கு வேலை செய்ய வழி இராது. மீண்டும் விமானம் ஏறும் எண்ணம் அவருக்கு வந்தால் குறை சொல்ல முடியாது.

குழுவாகப் பயிற்றுவிப்பதற்கு முன்மாதிரி ருவாண்டாவில் இருக்கிறது. தலைநகர் கிகாலியின் கிங் ஃபைசல் மருத்துவமனைக்கு 2008 முதல் பாஸ்டன் நகரத் தன்னார்வக் குழு வந்துபோனது. வந்தவர்கள் அறுவையோடு நிற்காமல் உள்ளூர்ச் செவிலியர்களையும் மருத்துவர்களையும் பக்கத்தில் நிறுத்திப் பழக்கினார்கள். உலகின் முக்கிய இதய அறுவை மருத்துவச் சங்கங்கள், 2018-இல் வெளியான கேப் டவுன் பிரகடனத்துக்குப் பிறகு ஒரு கூட்டமைப்பாகச் சேர்ந்து, முதற்கட்ட ஆதரவுக்கு ருவாண்டாவையும் மொசாம்பிக்கையும் தேர்ந்தெடுத்தன. உதவி இப்படித்தான் போக வேண்டும்: தனி ஆளுக்கு அல்லாமல் ஒரு மருத்துவமனைக்கு, ஒரு வாரத்துக்கு அல்லாமல் பல ஆண்டுகளுக்கு.

அறுவை முடிந்த பிறகும் பயிற்சி பெற்ற கைகள் தேவை. உலோக வால்வு பொருத்தப்பட்டவர் வாழ்நாள் முழுதும் வார்ஃபரின் மாத்திரை சாப்பிட வேண்டும். ரத்தம் உறையும் வேகத்தை அடிக்கடி பரிசோதிக்க வேண்டும். மாத்திரையின் அளவு குறைந்தால் வால்வில் ரத்தம் உறையும், கூடினால் ரத்தக்கசிவு. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையம் உருவாக்கி, 1990-இல் முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்திய சித்ரா வால்வு, இறக்குமதி வால்வின் விலையை எட்ட முடியாத பல்லாயிரம் பேருக்கு வாழ்வு தந்தது. அந்த வால்வைப் பெற்றவரும் ஊர் திரும்பியபின் நம்பியிருப்பது அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தைத்தான்.

ஆகவே பயிற்சி அங்கிருந்தே தொடங்க வேண்டும். குலுவில் குறுகிய காலப் பயிற்சி பெற்ற செவிலியர்கள் கையடக்க எக்கோ கருவியைக் கொண்டு, பாதிப்புள்ள பிள்ளைகளில் சுமார் முக்கால்வாசிப் பேரைக் கண்டுபிடித்தார்கள். பிஜித் தீவுகளிலும் செவிலியர்கள் இப்பணியைச் செய்து காட்டினார்கள். சந்தேகமான படங்களை மட்டும் இதய மருத்துவர் பார்த்தால் போதும். அரிதான அவருடைய நேரம் மிச்சமாகும்.

ருமாட்டிக் இதய நோய்க்கு வழிவிடும் ருமாட்டிக் காய்ச்சலைத் தடுக்க உலக சுகாதாரப் பேரவை 2018 மே மாதம் தீர்மானம் நிறைவேற்றியது. இந்நோயை எதிர்கொள்ளப் பணம் தரும் நாடுகளும் அறக்கட்டளைகளும் இனி ஒவ்வொரு திட்டத்திலும் மூன்றைக் கேட்டுப் பெற வேண்டும்: கிராமச் செவிலியருக்கு எக்கோ பயிற்சி, தடையின்றிக் கிடைக்கும் பெனிசிலின், அறுவை அரங்கின் முழுக் குழுவுக்கும் சொந்த நாட்டிலேயே சில ஆண்டுப் பயிற்சி. வால்வு செய்யக் கற்ற இந்தியாவும் ஆப்பிரிக்க மருத்துவமனைகளிலிருந்து மருத்துவரை மட்டும் பயிற்சிக்கு அழைக்காமல், அவரோடு பணிபுரியும் செவிலியரையும் தொழில்நுட்பரையும் சேர்த்தே அழைக்கலாம். குலுவின் பள்ளிப் பிள்ளைகளுக்கு அடுத்த ஊசி நான்கு வாரத்தில் வர வேண்டும்.