வழிப்போக்கனுக்குக் கண்ணாடி டம்ளர், சேரிக்காரனுக்குக் காகிதக் கப்பு

வந்தாரை வாழவைக்கும் தமிழ்நாடு, விருந்தோம்பல் தமிழன் ரத்தத்தில் ஊறியது என்று மேடைக்கு மேடை பேசுகிறார்கள். அது பொய் என்று சொல்ல நான் வரவில்லை. பாதி உண்மை. மீதிப் பாதியையும் பேசவேண்டும்.

இந்த வருடம் பொங்கல் முடிந்த கையோடு மேட்டூரிலிருந்து பூம்புகார்வரை காவிரிக் கரையோரமாகத் தனியாளாகச் சைக்கிளில் போனேன். எட்டு நாள். பவானி, ஈரோடு, பரமத்தி வேலூர், முசிறி, முக்கொம்பு, கல்லணை, திருவையாறு, கும்பகோணம், மயிலாடுதுறை என்று வழி. மேட்டூர் அணையை வழக்கமாக ஜனவரி 28இல் மூடிவிடுவார்கள். அதற்குள் தண்ணியைப் பார்த்துவிடவேண்டும் என்று கிளம்பினேன். பாலாற்றங்கரைச் சேரியில் பிறந்து, ஆறு என்றாலே மணல்தான் என்று வளர்ந்தவன் நான். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஊர்த்தெருவைக் கடந்தவர் என் தாத்தா. எனக்கு இந்தப் பயணம் வெறும் பொழுதுபோக்கு இல்லை.

நல்லவர்களைப் பார்த்தேன். முதலில் அதைச் சொல்லிவிட வேண்டும். பரமத்தி வேலூர் தாண்டி டியூப் கிழிந்து நின்றபோது, வெற்றிலைக் கொடிக்காலில் வேலையாக இருந்த ஒருவர் அதைப் போட்டுவிட்டு, சக்கரத்தையும் என்னையும் எக்ஸெல் வண்டியில் ஏற்றிக்கொண்டு பஞ்சர் கடைக்குப் போனார். "தனியா இவ்வளவு தூரம் வந்திருக்கீங்க, காசெல்லாம் வேண்டாமுங்க" என்றார். முசிறிப் பக்கம் வாழைத்தோட்டத்தில் வேலை செய்த பெண்கள் தூக்குவாளிச் சோற்றைப் பங்குபோட்டுக் கொடுத்தார்கள். சாப்பிடும்போது ஒருத்தர் "நீ என்ன ஆளுங்க தம்பி?" என்று கேட்டார். சொன்னேன். "அதுக்கென்ன, கொழம்பு பத்துமா?" என்றார்.

எல்லா இடத்திலும் அப்படி முடியவில்லை. டெல்டாவில் ஒரு ஊர். சம்பா அறுப்பு நடந்துகொண்டிருந்தது. இருட்டிவிட்டது என்று ஒரு பெரியவர் தன் திண்ணையில் படுக்கச் சொல்லிப் பாயும் கொடுத்தார். பிறகு விசாரணை. எந்த ஊரு? அப்பா என்ன பண்றாரு? குலதெய்வம் எது? ஊருல எந்தப் பக்கம் வீடு? சாதி என்ற சொல்லை வாயில் எடுக்காமலே சாதியைக் கறந்துவிடும் வித்தை இது. "சேரி" என்றேன். "வீட்ல பொம்பளைங்க இருக்காங்க. நீங்க பஸ் ஸ்டாண்டு பக்கம் பாத்துக்கங்க தம்பி" என்றார். திட்டவில்லை. மரியாதையாகத்தான் பாயைச் சுருட்டினார். அன்று ராத்திரி அதே ஊர்க் காலனியில், ஒற்றை அறைத் தொகுப்பு வீட்டில் படுத்தேன். எனக்கு இடம்விட்டு அந்த வீட்டு ஆண்கள் இரண்டுபேர் பனியில் வெளியே படுத்தார்கள்.

1901இல் சிறுவன் அம்பேத்கர் மசூர் ரயில் நிலையத்தில் இறங்கினார். நல்ல உடை உடுத்திய பிள்ளைகள் தனியாக நிற்கிறார்களே என்று ஸ்டேஷன் மாஸ்டர் பரிவோடுதான் விசாரித்தார். மகர் என்று தெரிந்ததும் முகம் மாறிப்போனது. இரட்டைக் கூலி கொடுத்துத்தான் மாட்டுவண்டி கிடைத்தது. அதையும் பிள்ளைகளே ஓட்டவேண்டும், வண்டிக்காரன் கூட நடந்து வருவான் என்பது பேச்சு. அந்த ஸ்டேஷன் மாஸ்டர் கொடுமைக்காரர் இல்லை, சாதாரண நல்ல மனுசன். நம் பிரச்சினையே இந்த நல்ல மனுசர்கள்தான்.

இன்னொரு ஊர் டீக்கடையில் எனக்குக் கண்ணாடி டம்ளரில் டீ வந்தது. அதே நேரம் வந்த காலனிப் பெரியவருக்கு, அவர் கேட்காமலே, காகிதக் கப்பு. முப்பது வருசமாக இந்தக் கடையில்தான் டீ குடிப்பதாக வெளியே வந்து சொன்னார். என்னைக் கடைக்காரருக்குத் தெரியாது, அதனால் டம்ளர். அவரைத் தெரியும், அதனால் கப்பு. வழிப்போக்கன் நாளைக்குப் போய்விடுவான். கூலி உயர்வு கேட்கமாட்டான், பஞ்சாயத்துத் தேர்தலில் நிற்கமாட்டான், சுடுகாட்டுக்குப் பாதை கேட்கமாட்டான். அவனிடம் அன்பு காட்ட எதையும் இழக்கவேண்டியதில்லை.

பாதை கேட்டால் என்ன ஆகும்? மயிலாடுதுறைக்குப் பக்கம் திருநாள்கொண்டச்சேரியில் 2016 ஜனவரியில் பார்த்தோமே. தலித் முதியவர் ஒருவரின் சடலத்தைப் பொதுப்பாதையில் கொண்டுபோகலாம் என்று உயர்நீதிமன்றம் சொல்லியும் நடக்கவில்லை. போலீசே சடலத்தை வேறு வழியில் எடுத்துப்போய் அடக்கம் செய்தது. வெளியூர்க்காரன் சைக்கிளில் போகத் திறந்திருக்கிற தெரு, உள்ளூர்க்காரனின் பிணத்துக்கு மூடியிருக்கிறது. இதை வைத்துக்கொண்டு விருந்தோம்பல் பற்றி யாருக்குப் பாடம் எடுக்கிறார்கள்?

கொடிக்கால்காரரின் உதவியைச் சிறுமைப்படுத்தவில்லை. அவருக்கு என் நன்றி உண்டு. ஆனால் அந்த வண்டியில் உள்ளூர்ச் சேரிக்காரனும் அதே மாதிரி பின்னால் ஏறி உட்காரமுடியுமா என்ற கேள்வியை நன்றி அழித்துவிடக் கூடாது.

மாணவத் தோழர்களே, சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்புங்கள். ஆறும் ரோடும் யார் அப்பன் வீட்டுச் சொத்தும் இல்லை. விசாரித்தால் சேரி என்றே சொல்லுங்கள். சொன்ன பிறகும் குழம்பு ஊற்றுகிற கை எத்தனை என்று எண்ணிக்கொண்டு வாருங்கள். நாளைய போராட்டத்தில் யார் வீட்டுக் கதவைத் தட்டலாம் என்று அப்போது தெரியும்.