சுறாத் தோலும் ஆஸ்பத்திரிக் குழாயும்

வழவழப்பான பொருளில் கிருமி தங்காது என்றுதான் நானும் வகுப்பில் சொல்லி வந்தேன். ஆனால் நோயாளிக்குச் சிறுநீர் இறங்க வைக்கும் ரப்பர்க் குழாய் வழவழப்பானதே; சில நாட்களில் அதன்மேல் கிருமிகள் பாலேடு போலப் படிந்துவிடுகின்றன. அவ்வேட்டினுள் மருந்து எளிதில் புகாது.

2002-இல் ப்ளோரிடா சர்வகலாசாலைப் பேராசிரியர் ஆன்டனி பிரென்னன், கப்பலடியில் பாசி பிடிக்காதிருக்க வழி தேடினார். திமிங்கிலத்தின்மேல் கடற்பூச்சிகள் ஒட்டுகின்றன. சுறாவின்மேல் ஏன் ஒட்டுவதில்லை? அதன் தோலிலுள்ள நுண்ணிய செதில்களைப் பார்த்து, சிலிக்கோன் ரப்பரில் 2 மைக்ரான் அகலமுள்ள வரம்புகளைப் பதித்தார். 2007-இல் வெளியான சோதனையில், வழவழப்பான ரப்பரில் 14 நாளில் கிருமியேடு முற்றிவிட்டது. வரம்பிட்டதிலோ 21-ஆம் நாள்தான் அதன் தொடக்கமே தென்பட்டது.

இதில் விஷமில்லை, ஆகவே கிருமி மருந்துக்குப் பழகிவிடும் என்ற அச்சமுமில்லை. ஆயினும் சோதனைச்சாலையில் கழிந்த 21 நாளை நோயாளியின் உடம்பில் கழியும் 21 நாளாகக் கணக்கிட முடியாது.