கிறிஸ்துமஸ் ரெயின்டீர்கள்: செல்ஃபிக்குப் பின்னால் இருக்கும் சிக்கல் என்ன?

டிசம்பர் வந்தாலே பிரிட்டனின் கிறிஸ்துமஸ் சந்தைகளிலும் ஷாப்பிங் மால்களிலும் ரெயின்டீர் மான்களைக் கொண்டுவந்து நிறுத்திவிடுகிறார்கள். குழந்தைகளுக்குக் கொண்டாட்டம்தான். மானுக்கு?

என்ன பிரச்னை?

ரெயின்டீர், கடும் குளிருக்குப் பழகிய, கூட்டமாக வாழும் விலங்கு. வண்டியில் ஏற்றி, இரைச்சலுக்கு நடுவே நிறுத்தினால் மிரளும். ஆனா, வெளியே காட்டிக்காது. வேட்டைக்கு இரையாகும் விலங்குகள் பலவீனத்தை மறைப்பது இயல்பு. ‘சாதுவா நிக்குதே’ன்னு நாம ஏமாறுவது இங்கேதான்.

சட்டம் என்ன சொல்கிறது?

இங்கிலாந்தில் விலங்குகளைத் தொழில்முறையில் காட்சிப்படுத்த, 2018 விதிகளின்படி உள்ளாட்சி அமைப்பின் உரிமம் தேவை. அது 3 ஆண்டுகள் செல்லும். ஆனால், ஒவ்வொரு நிகழ்ச்சியிலும் அதிகாரி வந்து நிற்கப்போவதில்லை.

அப்போது பார்வையாளர்தான் கவனிக்கணும்: துணைக்கு இன்னொரு மான் இருக்கிறதா? கூட்டத்தைவிட்டு ஒதுங்க இடம் இருக்கிறதா?