மூக்கும் ஒரு காவல்காரன்!

"உயிர் பிழைத்ததே பெரிது!"

தலையில் அடிபட்டு, ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பியவரைப் பார்க்க வருகிறவர்கள் சொல்லும் வார்த்தை இது. நியாயமான வார்த்தைதான். ஆனால் திரும்பி வந்தவரோ மீன் குழம்பை ஒரு வாய் வைத்துவிட்டு, "உப்பும் புளிப்பும் தெரிகிறது, ருசி தெரியவில்லையே!" என்கிறார். சமைத்தவள் மனம் நோகிறாள். குற்றம் குழம்பில் இல்லை, மூக்கில்!

மூக்கின் உச்சியில் சல்லடை போன்ற மெல்லிய எலும்பு ஒன்று இருக்கிறது. அதன் துளைகள் வழியாகத்தான் வாசனை நரம்பின் இழைகள் மூளைக்குப் போகின்றன. தலை மோதும்போது மூளை குலுங்கி, அந்த இழைகள் அறுந்துபோகலாம். பின்மண்டையில் அடிபட்டாலும் இப்படி நேரும். சிலருக்கு வாசனை அடியோடு போய்விடும். சிலருக்கு மாறிப்போகும்: நல்ல காப்பியும் தீய்ந்த நாற்றம் அடிக்கும்.

"வாசனைதானே, போனால் போகட்டும்" என்று சொல்லலாமா? கொருக்குப்பேட்டைவாசிகள் சொல்லமாட்டார்கள். 2013-ம் ஆண்டு பக்கத்துத் தண்டையார்பேட்டையில் குழாய் கசிந்து, நிலத்தடி நீரில் எண்ணெய் கலந்தது. தண்ணீரில் பெட்ரோல் வாடை வீசுவதாக ஜனங்கள் புகார் செய்தார்கள். மூக்கு செய்த காவல் அது! சமையல் காஸுக்கு இயற்கையில் வாடை கிடையாது. கசிந்தால் தெரியட்டும் என்றே 'மெர்காப்டன்' என்னும் நாற்றப் பொருளைச் சேர்க்கிறார்கள். மணம் அறியாதவருக்கு அந்த எச்சரிக்கை வீண்.

2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைக் கூறுகிறது. அதில் இது இல்லை. வெளியே தெரியாத குறை என்பதால், கேட்பாரும் இல்லை.

கேட்க வேண்டும் என்பதே நம் கோரிக்கை. தலைக்காயத்துடன் வந்தவரை வீட்டுக்கு அனுப்பும் முன்பு, கண்ணை மூடச் சொல்லி, காப்பித் தூளையும் கிராம்பையும் முகரச் செய்து பார்க்கட்டும். அம்மோனியா கூடாது, அது வாசனை தெரியாதவருக்கும் எரிச்சலாகத் தெரிந்துவிடும்.

குறை தெரிந்தால் மனம் தளர வேண்டாம். சிலருக்கு, பெரும்பாலும் முதல் ஆண்டிலேயே, ஓரளவு திரும்புகிறது. ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, யூகலிப்டஸ் ஆகிய நான்கையும் காலை, மாலை 12 வாரம் முகரும் பயிற்சியை ஜெர்மனியின் டிரெஸ்டன் நகர டாக்டர் ஹும்மல் குழுவினர் 2009-ல் வெளியிட்டார்கள். சிலருக்குப் பலன் தருகிறது.

அதுவரை அவரை அடுப்படியில் தனியே விடாதீர்கள். காஸ் கசிவைக் காட்டும் கருவி ஒன்று வாங்கி வையுங்கள். பழைய சோற்றை வேறொருவர் முகர்ந்து கொடுங்கள்.

முகரச் செய்து பார்க்க ஒரு கிராம்பு போதும். ஆஸ்பத்திரிகள் நாளையே தொடங்கலாமே!