ரோபோவைப் பெட்டிக்குள் பூட்டாதீர்கள்

“பத்தாம் வகுப்புக்கு வந்த பிறகும் பொம்மையா?” என்று கேட்கும் பெற்றோரின் பக்கம் நான் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால், விலை உயர்ந்த ரோபோ பொம்மையை வாங்கி, பெட்டியின் ஒட்டுத்தாளைக்கூடக் கிழிக்காமல் கண்ணாடி அலமாரியில் அடுக்கி வைக்கும் மாணவரின் பக்கமும் நான் இல்லை.

நெய்வேலி நகரியத்தில் எங்கள் வட்டத்திலேயே அப்படிப்பட்ட அலமாரிகளைப் பார்த்திருக்கிறேன். வெளிநாட்டில் வேலை பார்க்கும் அண்ணனோ சித்தப்பாவோ விடுமுறைக்கு வரும்போது, அங்குள்ள கேளிக்கைப் பூங்காவிலிருந்து வாங்கி வந்தவை அவை. 1977-இல் வெளிவந்த ‘ஸ்டார் வார்ஸ்’ திரைப்படத்தில் ஆர்2-டி2 என்றொரு ரோபோ வரும். பீப்பாய் போன்ற உடல், கவிழ்த்த கிண்ணம் போன்ற தலை. அந்தப் படக் கதையை வைத்து அமெரிக்காவில் கலிபோர்னியாவிலும் புளோரிடாவிலும் உள்ள டிஸ்னி பூங்காக்களில் 2019-ஆம் ஆண்டு தனிப் பகுதிகளைத் திறந்தார்கள். அங்கே ‘டிராய்டு டெப்போ’ என்று ஒரு கடை. ஓடிக்கொண்டிருக்கும் பெல்ட்டில் தலை, உடல், கால் எனப் பாகங்கள் தனித்தனியே வரும். (ஓடும் பெல்ட் நெய்வேலிக்காரர்களுக்குப் புதிதல்ல!) பிடித்ததை எடுத்து, மேசைமேல் வைத்து, நம் ரோபோவை நாமே பூட்டிக்கொள்ளலாம். திறந்தபோது ஒன்றின் விலை ஏறத்தாழ 100 டாலர். அன்றைய மதிப்பில் 7,000 ரூபாய். விரல் நீளமே உள்ள சிறிய உருவங்களும் அப்பூங்காக்களில் கிடைக்கின்றன.

இத்தனைப் பணம் கொடுத்து வாங்கியதில் உண்மையான சரக்கு எது? வண்ணமா, உருவமா? இரண்டும் இல்லை என்பேன். இணைப்புதான்! ஒரு பாகத்தின் முளை, எந்தப் பாகத்தின் துளையிலும் பொருந்துகிறதே, அதுதான் சரக்கு. 6 தலை, 4 உடல், 5 ஜோடிக் கால் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். 15 வகைப் பாகங்களிலிருந்து 6 × 4 × 5 = 120 விதமான ரோபோக்கள் கிடைக்கும். பெட்டியைப் பிரிக்காதவரிடம் இருப்பது ஒன்றே ஒன்று.

இந்த எண்ணம் டிஸ்னியில் பிறந்ததும் அல்ல. ஜப்பானின் தகாரா நிறுவனம் 1974-இல் வெளியிட்ட ‘மைக்ரோமேன்’ பொம்மைகளிலேயே 5 மில்லிமீட்டர் முளை இருந்தது. 1984-இல் வந்த ‘டிரான்ஸ்ஃபார்மர்ஸ்’ ரோபோக்கள் பலவற்றிலும் ஆயுதத்தைச் செருகும் துளை அதே அளவுதான். முளை 4.8 மி.மீ. ஆனால் கை தொளதொளவென்று தொங்கும், 5.2 மி.மீ. ஆனால் உள்ளே போகாது, முரட்டுத்தனமாக அழுத்தினால் பிளாஸ்டிக் விரிசல் விடும். சரியான அளவில் அமையும்போது உராய்வு விசை ஒன்றே கையைத் தூக்கிய நிலையில் நிறுத்திவைக்கிறது. பசையும் இல்லை, திருகாணியும் இல்லை. பள்ளி ஆய்வகத்தில் வெர்னியர் அளவியால் மரக் குண்டின் விட்டத்தை அளந்து அலுத்துப்போனவர்கள், இந்த முளைகளை அளந்து பாருங்கள். இன்னும் நுட்பமாகத் தெரியவேண்டுமா? திருகு அளவியை எடுங்கள்.

பாகத்தை மாற்றிப் பூட்டுவது விளையாட்டுக்கு மட்டும்தானா? நம் சுரங்கத்தில் மண்ணை வெட்டும் வாளிச்சக்கர இயந்திரத்தைப் பாருங்கள். அதை ரோபோ என்று சொல்ல முடியாது; உள்ளே மனிதர் அமர்ந்து இயக்குகிறார். ஆயினும் ரோபோப் பிரியர்கள் காணவேண்டிய காட்சி அது. வாளியின் கொள்ளளவைக் கொண்டே 350 லிட்டர், 700 லிட்டர், 1,400 லிட்டர் என்று வகைப்படுத்துகிறார்கள். பழுப்பு நிலக்கரிக்கு மேலே கிடக்கும் கடலூர் மணற்பாறை, வாளியின் எஃகுப் பற்களை அரித்துத் தேய்த்துவிடும். பல் தேய்ந்தால் இயந்திரத்தையே தூக்கி எறிய முடியுமா? தேய்ந்த பல்லைக் கழற்றிப் புதிய பல்லைப் பூட்டுகிறார்கள். அந்தப் புதுப் பல் பழைய பல்லின் இடத்தில் சரியாக உட்கார்ந்தாக வேண்டும். பொம்மையின் முளைக்கும் துளைக்கும் உள்ள அதே கணக்கு!

கழற்றிப் பார்ப்பவருக்கு வேறொரு கேள்வியும் எழும். இவ்வளவு ஒல்லியான கால் எப்படித் தாங்குகிறது? படத்தில் ஆர்2-டி2 ஏறத்தாழ 1.1 மீட்டர் உயரம். அதை 18-இல் ஒரு பங்காகச் சுருக்கினால் 6 சென்டிமீட்டர் பொம்மை. இப்போது பொம்மையை, அதே பிளாஸ்டிக்கில், 18 மடங்கு பெரிதாக்குங்கள். எடை 18 × 18 × 18, அதாவது 5,832 மடங்கு ஏறும். காலின் குறுக்குப் பரப்போ 18 × 18 = 324 மடங்குதான் ஏறும். ஆகவே காலின் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரும் 18 மடங்கு சுமையைத் தாங்கவேண்டும். எறும்பின் காலும் யானையின் காலும் ஏன் ஒரே வடிவில் இல்லை என்பதற்கும் காரணம் இதுவே.

“சார், பெட்டியைப் பிரித்தால் மதிப்புப் போய்விடுமே!” என்று ஒரு மாணவர் என்னிடம் வாதாடினார். பிரிக்காத பெட்டிக்குச் சேகரிப்பாளர்கள் கூடுதல் விலை தருவது மெய்தான். விற்பதற்காக வாங்குகிறவர் அப்படியே வைத்திருக்கட்டும்; அது வணிகம், அதில் தவறில்லை. ஆனால் அதை அறிவியல் ஆர்வம் என்று அழைக்காதீர்கள். தபால் தலையைப் பிரிக்க ஒன்றுமில்லை. ரோபோவைப் பிரிக்கலாம்.

அலமாரி இல்லாத வீட்டு மாணவர்களைப் பற்றி எனக்குக் கவலை அதிகம் இல்லை. ஊசி இல்லாத இரண்டு மருந்துக் குழல்கள், அவற்றை இணைக்க ஒரு மெல்லிய ரப்பர்க் குழாய், உள்ளே தண்ணீர், கொஞ்சம் அட்டை; பாஸ்கல் விதியில் இயங்கும் ரோபோக் கை தயார். பள்ளிக் கண்காட்சிகளில் இதைக் காணாதவர் இல்லை. குறை என்னவென்றால், கண்காட்சி முடிந்ததும் அது குப்பைக்குப் போய்விடுகிறது. ஒவ்வொருவர் செய்த கைக்கும் ஒவ்வொரு அளவு. ஒருவர் கையை இன்னொருவர் உடலில் மாட்ட வழியில்லை. வகுப்பு முழுவதும் முளைக்கு ஓர் அளவு, துளைக்கு ஓர் அளவு என்று முன்கூட்டியே பேசி முடிவு செய்துகொண்டால்? இந்த ஆண்டு மாணவர் செய்த உடலில் அடுத்த ஆண்டு மாணவர் புதுக் கையைப் பூட்டலாம்.

பூங்காவின் பெல்ட்டில் வந்த ரோபோ வைத்திருப்பவரும் அந்தக் கூட்டத்தில் சேரட்டும். அவரிடமுள்ள 120-இல் அடங்காத ஒரு தலையை, புட்டி மூடியிலோ தேங்காய்ச் சிரட்டையிலோ செய்து மாட்டிப் பார்க்கட்டும். முதல் தடவை நிற்காது. முளையில் ஒரு சுற்றுக் காகிதம் சுற்றிப் பார்க்கவேண்டியதுதான்.