கூனி என்னும் சொல்

காவிரி பாயும் தஞ்சை நாட்டில், குடும்பத்தில் பூசல் மூட்டுபவளைக் ‘கூனி’ என்பர். தீய சூழ்ச்சி செய்பவனைச் ‘சகுனி’ என்பர். நெடுநேரம் உறங்குபவனைக் ‘கும்பகருணன்’ என்பர். ஏடு பயிலாதாரும் இப்பெயர்களை எளிதில் வழங்குவர். மயிலாடுதுறையை அடுத்த தேரழுந்தூரில் பிறந்த கம்பர் இராமகாதையைப் பாடினார். சீர்காழியில் வாழ்ந்த அருணாசலக் கவிராயர் (1711–1779) அக்கதையை இராம நாடகக் கீர்த்தனையாக ஆக்கினார். இராமாயணமும் பாரதமும் பாட்டாகவும் கூத்தாகவும் ஊர்தோறும் பரவின. காப்பிய மாந்தரின் பெயர்கள் நாளடைவில் பொதுச்சொற்களாயின.

ஒருவர் பெயர் பொதுச்சொல்லாகும்போது, அவருடைய பண்புகளுள் ஒன்றே அதில் எஞ்சும். சீதையை விடுவிக்குமாறு தமையனுக்கு அறிவுரை கூறியவன் கும்பகருணன். தமையன் கேளாதபோதும், அவன்பொருட்டுப் போர்க்களம் புகுந்து உயிர் துறந்தான். அந்த அறிவும் அன்பும் மறைந்தன. உறக்கம் ஒன்றே ஊரார் வாயில் நின்றது.

கூனிக்கு நேர்ந்ததோ இதனினும் கொடிது. அவளது இயற்பெயர் மந்தரை. கூனி என்பது முதுகு வளைந்தவள் என்னும் பொருளுடையது. கைகேயியின் மனத்தைத் திரித்தது மந்தரையின் நா. அவள் முதுகு அன்று. சகுனி என்னும் சொல் தீச்செயலைப் பழிக்கிறது. கூனி என்னும் சொல்லோ, தீச்செயலைச் சுட்ட வந்து உடலைப் பழிக்கிறது.

‘தீமையை ஒரே சொல்லில் இடித்துரைக்க இத்தகைய பெயர்கள் வேண்டும்’ என்பர் சிலர். அது மெய்யே. ஆயினும், அதற்கு மந்தரை என்னும் பெயரே போதும். சேற்றில் இறங்கி, நாள் முழுதும் குனிந்து நாற்று நட்டு, முதுகு வளைந்த மூதாட்டியர் தஞ்சை நாட்டில் உண்டு. ஊருக்குச் சோறு அளித்த உழைப்பின் அடையாளம் அக்கூன். அதனை வசைச்சொல்லாக்குதல் நன்றியுடைமை ஆகுமா?

இவ்வுண்மையைக் கம்பரே உணர்த்தியுள்ளார். முன்னாளில் இராமன் வில்லால் எறிந்த உண்டை தன்மேல் பட்டதை மந்தரை மறக்கவில்லை. அதுவே அவள் சினத்துக்கு வித்தாயிற்று. பின்னர்க் கிட்கிந்தையில் சுக்கிரீவனுக்கு அரசநெறி உரைக்கும் இராமன், எவரையும் எளியவர் என்று இகழ்ந்து வருத்துதல் கூடாது என்கிறான். கூனிக்குத் தான் இழைத்த தீங்கே தன்னைத் துயர்க்கடலில் வீழ்த்தியது என்றும் கூறுகிறான்.

காப்பியத் தலைவனே வருந்திய பிழையை இன்றைய நாவும் செய்தல் தகாது. கொடியவர் பெயரால் கொடுஞ்செயலைப் பழிக்கலாம். உடற்குறையைப் பழித்தல் ஆகாது.