பட்டறைத் தமிழ்

கொடைக்கானலிலிருந்து பூம்பாறையைத் தாண்டிச் செல்லும் மலைச்சாலையில், ஏரியும் படிக்கட்டு வயல்களும் சூழ அமைந்த சிற்றூர் கூக்கால். உருளைக்கிழங்கும் காரட்டும் வெள்ளைப்பூண்டும் விளையும் அம்மண்ணுக்கு இருப்புப்பாதை வந்ததில்லை. நீலகிரியில் 1899இல் குன்னூர் வரையிலும், 1908இல் உதகை வரையிலும் மலை ரயில் ஏறியது. பழனிமலைக்கோ அவ்வாய்ப்புக் கிட்டவில்லை. ‘கொடைக்கானல் ரோடு’ என்னும் பெயர் தாங்கிய நிலையமே மலைக்குக் கீழே அம்மையநாயக்கனூரில் நின்றுவிட்டது. அத்தகைய ஊரை முன்னிறுத்தி நீராவி எஞ்சினைப் பற்றி, அதிலும் மேசை மேல் வைக்கத்தக்க சிறு எஞ்சினைப் பற்றி, ஒரு தமிழ்த்துறை மலரில் எழுதுவானேன் என்று அன்பர்கள் வினவக்கூடும். காரணம் உண்டு.

வட்டார வழக்குச் சொற்களைத் தொகுக்கும் பொருட்டு எம் மாணவர்களோடு கூக்கால் சென்றிருந்தோம். ஆங்கே ஓர் இளைஞர் மருந்து தெளிக்கும் பெட்ரோல் எஞ்சினைப் பிரித்துச் சாக்கின்மீது பரப்பி வைத்திருந்தார். தேய்ந்துபோன புஷ் ஒன்றுக்கு மாற்றாகப் பித்தளைத் துண்டொன்றை அரத்தால் ராவுவதும் பொருத்திப் பார்ப்பதும் மீண்டும் ராவுவதுமாக இருந்தார். ஒரு மணி நேரத்தில் எஞ்சின் ஓடிற்று. “எந்த அளவில் நிறுத்த வேண்டும் என்பதை எப்படித் தம்பி கண்டுகொள்கிறீர்கள்?” என்று வினவினோம். “கைக்குத் தெரியுதுங்க ஐயா, வாயால சொல்லத் தெரியல” என்றார். அவ்விடையே இக்கட்டுரைக்கு வித்து. கைக்குத் தெரிந்ததை வாயால் சொல்லவும், வாயால் சொன்னதை ஏட்டில் எழுதவும் வல்லவர் யார்? தமிழ் பயில்வோர் அல்லரோ?

இங்கிலாந்தில் வீட்டுப் பட்டறை என்பது ஒரு பெரும் பண்பாடாகவே வளர்ந்தது. கொல்லைப்புறக் கொட்டகையில் ஒரு சிறு லேத்து, ஒரு துளையிடும் கருவி, சில அரங்கள். இவற்றைக் கொண்டு எழுத்தரும் ஆசிரியரும் கடைக்காரரும் மாலை நேரங்களில் உண்மையாகவே நிலக்கரி தின்று நீராவி கக்கி ஓடும் சிறு ரயில் எஞ்சின்களைச் செய்தனர். பெர்சிவல் மார்ஷல் என்பார் 1898இல் தொடங்கிய ‘மாடல் எஞ்சினியர்’ இதழ் அவர்களுக்கு ஆசானாய் விளங்கிற்று. அவ்விதழில் 1920களிலிருந்து பல்லாண்டு எழுதியவர், ரயில்வேயில் பணியாற்றிய கர்லி லாரன்ஸ் என்னும் தொழிலாளி. தாம் வேலை பார்த்த ரயில்வேயின் முதலெழுத்துகளையே ‘எல்.பி.எஸ்.சி.’ எனப் புனைபெயராக்கிக் கொண்டார். ஆளை இழுக்கும் ஆற்றல் சிறு எஞ்சினுக்கு வராது என வல்லுநர் சிலர் வாதிட்ட காலத்தில், இரண்டரை அங்குலத் தண்டவாளத்தில் ஓடும் தம் எஞ்சினைக் கொண்டு 1924இல் லண்டனில் அதை மெய்ப்பித்துக் காட்டினார். அவ்வெஞ்சினுக்கு அவர் சூட்டிய பெயர் ‘ஆயிஷா’! நம் கல்லூரியின் வருகைப் பதிவேட்டைத் திறந்தால் வகுப்புக்கு ஓர் ஆயிஷாவேனும் இருப்பார். அவர்களுள் ஒருவர் லேத்து முன் நின்று இரும்பைக் கடைவதைக் காண நமக்கு ஆசை.

லாரன்ஸின் வெற்றி அவர் கைத்திறனால் மட்டும் வந்ததன்று, எழுத்தால் வந்தது. பட்டறையில் நண்பனிடம் பேசுவதுபோல, எந்தக் கருவியை எந்தக் கையில் பிடிப்பது என்பது முதல் அவர் எழுதினார். அதைப் படித்து, இயந்திரத் தொழிலை முன்பின் அறியாதாரும் எஞ்சின் செய்து முடித்தனர்.

எழுத்து எவ்வளவு நுட்பமாக அமைய வேண்டும் என்பதற்குக் கொதிகலன் ஒன்றே சான்று. மூன்றரை அங்குலத் தண்டவாளத்து எஞ்சின், மெய்யான எஞ்சினில் பதினாறில் ஒரு பங்கு. நீளம் பதினாறில் ஒன்றானால் பரப்பு 256இல் ஒன்றாகும். கொள்ளளவு 4,096இல் ஒன்றாகும். ஆதலின் பெரியதை அப்படியே சுருக்கினால் சிறியது ஓடாது. இரண்டு அங்குலப் புகைக்குழாய் அரைக்கால் அங்குலமாகிக் கரியால் அடைபட்டுப் போகும். எனவே குழாய்களின் எண்ணிக்கையைக் குறைத்துப் பருமனைக் கூட்ட வேண்டும். அடுத்து, கொதிகலனுக்குரிய செப்புத் தகட்டை அச்சின்மேல் வைத்துத் தட்டி வளைக்கையில் செம்பு இறுகிக் கொள்ளும். சிவக்கக் காய்ச்சினால் மீண்டும் இளகும். அந்நிலையில் அதை நீரில் தோய்த்தாலும் இளக்கம் போகாது. எஃகோ சிவக்கக் காய்ச்சித் தோய்த்தால் இறுகிவிடும். ‘காய்ச்சித் தோய்’ என்னும் ஒரே தொடர் இரு உலோகங்களில் இரு வேறு பயன் தருகிறது. இதைத் தெளிவாக எழுதாதவன் படிப்பவனின் தகட்டைப் பாழாக்குவான். இன்னும் ஒன்று. இணைப்புகளை ஈயத்தால் பற்றவைத்தல் ஆகாது. 80 பவுண்டு அழுத்தத்தில் நீராவியின் வெப்பமே 160 பாகை செல்சியசைத் தாண்டும், 180 பாகையை ஒட்டி உருகத் தொடங்கும் ஈயப்பற்று அதன் அருகே வலுவிழக்கும். வெள்ளி கலந்த பற்றே வேண்டும். முடிந்தபின், நெருப்பு மூட்டும் முன்னர், கொதிகலன் முழுவதும் குளிர்ந்த நீரை நிரப்பி இருமடங்கு அழுத்தத்தில் சோதிக்க வேண்டும். நீர் அமுங்காப் பொருள்; ஆதலின் இணைப்பு விட்டுப்போனாலும் நீர் கசிந்து நிற்கும், காற்றோ நீராவியோபோல் வெடிக்காது. இவ்வரியை எழுத மறந்தால் ஓர் உயிர் போகலாம். இலக்கண வழுவுக்கு மதிப்பெண் குறைக்கும் நாம், இத்தகைய உரைநடையின் பொறுப்பை மாணவர்க்கு உணர்த்துகிறோமா?

இது மேனாட்டாருக்கே உரியது எனக் கருதற்க. தாவூது நபி (அலை) அவர்களுக்கு இறைவன் இரும்பை இளக்கிக் கொடுத்ததையும், அவர்கள் போர்க்கவசம் செய்ததையும் திருமறை பேசுகிறது. உலைக்களத்துக்கு இதனினும் உயர்ந்த சிறப்பு வேறு ஏது? ஒன்பதாம் நூற்றாண்டுப் பக்தாதில் பனூ மூஸா சகோதரர் மூவர் பொறிகளைப் பற்றி நூல் செய்தனர். 1551இல் தகியுத்தீன் என்னும் அறிஞர் நீராவி பாய்ந்து சுழலும் இறைச்சிக் கம்பியை விவரித்தார். எல்லாரினும் மேலாக அல்-ஜஸரியைப் போற்றத் தோன்றுகிறது. 1206இல் அவர் நிறைவுசெய்த பொறிநூலில் ஐம்பது கருவிகளை அளவோடும் படத்தோடும் செய்முறையோடும் எழுதி வைத்தார். அவ்வெழுத்தைக் கொண்டே அவருடைய மாபெரும் நீர்க்கடிகாரம் 1976இல் லண்டனில் மீண்டும் செய்யப்பட்டது. செய்த கை மண்ணாகி எழுநூறு ஆண்டுகளுக்கு மேல் சென்றபின் எழுத்து அக்கடிகாரத்தை ஓட்டிற்று!

நம் நாட்டில் கைகளுக்குப் பஞ்சமில்லை. கோவை ஜி.டி. நாயுடு (1893-1974) மோட்டார் சைக்கிள் ஒன்றைப் பிரித்துப் பூட்டியே தம் கல்வியைத் தொடங்கினார். கூக்கால் உள்ள அதே பழனிமலையில், கொடைக்கானல் வானாய்வகத்தில், 1909இல் கதிரவக் கரும்புள்ளிகளில் வாயு வெளிநோக்கிப் பாய்வதைக் கண்டறிந்த ஜான் எவர்ஷெட், இங்கிலாந்தில் தம் சொந்த முயற்சியில் கருவி செய்து வானைப் பார்த்துப் பழகியவர். மலைக்கு வந்தபின்னும் கருவி செய்வதை விடவில்லை. திருச்சி பொன்மலைப் பணிமனையில் 2011 முதல் 2014 வரை நீலகிரி ரயிலுக்கென நான்கு நீராவி எஞ்சின்கள் புதிதாகச் செய்யப்பட்டன. 2021இல் நிலக்கரியால் ஓடும் எஞ்சினும் வெளிவந்தது. அத்தொழிலாளர் தமிழிலேயே பேசி அவற்றைச் செய்தனர். ஆனால் அவர்தம் அறிவில் எத்தனை பக்கம் தமிழில் ஏறியுள்ளது?

அண்ணா பல்கலைக்கழகம் 2010இல் இயந்திரவியலைத் தமிழ்வழியிலும் தொடங்கியது, வரவேற்கத்தக்கதே. எனினும் பாடநூல் தேர்வுக்கு உதவும், கைக்கு உதவாது. அன்றியும் நம் கலைச்சொல்லாக்கத்தில் ஒரு குறை உண்டு. அறையில் அமர்ந்து படைத்த சொற்கள் அறையிலேயே தங்கிவிடுகின்றன. பட்டறையிலோ சொற்கள் குவிந்து கிடக்கின்றன. கடைசல் என்னும் சொல் தொட்டில் கம்புக்கும் அம்பாசமுத்திரத்துச் சொப்புக்கும் பயன்பட்டு, லேத்து வந்தபின் இரும்புக்கும் பொருந்திற்று. மரை, தோய்ச்சல், பற்று, ராவுதல், துருத்தி, குறடு ஆகியவற்றுக்கு மாற்றுத் தேட வேண்டியதில்லை. லேத்து, போல்ட், புஷ் என்பன மக்கள் நாவில் நிலைத்துவிட்டன. அவற்றை விரட்டும் வேலையும் வேண்டா.

பொறியியற் கல்லூரிகள் இருக்கையில் தமிழ்த்துறைக்கு இவ்வேலை ஏன் எனச் சிலர் கேட்பர். அங்கே இயந்திரம் கற்பிக்கப்படும், உரைநடை கற்பிக்கப்படுவதில்லை. விளையாட்டுப் பொம்மைக்கு இத்தனை ஆரவாரமா என்பாரும் உளர். கொதிக்கும் நீரைச் சுமந்து ஓடுவது பொம்மையன்று. கண்காட்சிகளில் தெர்மாகோலால் ஒட்டிவைத்து மறுநாள் குப்பையில் எறியப்படும் மாதிரிகளே பொம்மைகள்.

ஆகவே ஒன்றைத் துறையின் முன் வைக்கிறோம். முதுகலை இரண்டாம் ஆண்டில் வட்டார வழக்கு ஆய்வேட்டிற்கு ஈடாக, விரும்பும் மாணவர் தம் ஊர்ப் பட்டறை ஒன்றில் முப்பது நாள் அமர்ந்து, ஒரே ஒரு செயலை எழுதிவரலாம். மண்வெட்டிக்குத் தோய்ச்சல் ஏற்றுதலாகட்டும், பித்தளைப் புஷ் ராவுதலாகட்டும், சிறு செப்புக் கொதிகலன் பற்றவைத்தலாகட்டும். சொன்னவர் பெயர் ஏட்டின் முகப்பில் எழுதியவர் பெயருக்கு மேலே இருத்தல் வேண்டும். மதிப்பிடுபவர் பேராசிரியர் அல்லர். அவ்வேட்டை, அத்தொழில் அறியாத வேறொரு மாணவர் கையில் கொடுத்து, எழுதியவர் வாய் திறவாமல் அருகே நிற்க, செய்யச் சொல்ல வேண்டும். கொதிகலன் போன்றவற்றில் தேர்ந்த தொழிலாளி ஒருவரும் உடன் இருத்தல் வேண்டும். பொருள் பொருந்தினால் தேர்ச்சி. கூக்காலிலிருந்து வரும் மாணவர் எவரேனும் இருப்பின் முதல் ஏட்டை அவ்விளைஞரிடமிருந்தே தொடங்கலாம். மருந்து தெளிக்கும் பருவம் முடிந்தால் அவருக்கும் ஓய்வு கிட்டும்.